திண்டுக்கல் பூட்டு

தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'நமது நகரில் தமிழர் விளையாட்டு வளர்ச்சி'. "ஆன்ட்டி, பார்க்ஸ் டிபார்ட்மென்ட்ல இவ்ளோ வருஷம் இருந்தது நீங்க ஒருத்தர்தான். கிளப் எல்லாம் எப்படி ஆரம்பிச்சது, எப்படி வளந்ததுன்னு ஒரு நாலு பக்கம் போதும். கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்" என்றார் மலர்க்குழுவில் இருக்கும் தம்பி. சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் வளர்ச்சி எதுவும் நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது. ஒரு பூட்டுதான் வருகிறது. ஆகவே பூட்டைப் பற்றியே எழுதுகிறேன். அச்சிடுவதும் தள்ளிவிடுவதும் அவர்கள் பாடு.

நான் கோபிச்செட்டிப்பாளையத்தில் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள். கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டுக்குள்ளேயே பல வருஷம் கிடந்தேன். கிரீன் கார்டு வந்த மாதமே, நம் ஊர் நகராட்சி மாதிரி இங்கே இருக்கும் டவுன்ஷிப் ஆபீசுக்குப் போய் பார்க்ஸ் டிபார்ட்மென்டில் கோடைக்கால ஆள் வேண்டும் என்ற விளம்பரத்துக்கு மனுப் போட்டேன். "இதுக்கா எம்.பி.எட். படிச்சே? புல்லு வெட்டறதுக்கா?" என்றார் என் கணவர். ஆமாம், புல் வெட்டினேன். கோடு போட்டேன், குப்பை அள்ளினேன், முதலுதவிப் பயிற்சி முடித்தேன், லாரி ஓட்டக் கற்றேன். பிறகு மைதானங்களைத் திறந்து மூடும் பொறுப்பு என் கைக்கு வந்தது. ஊரில் எல்லாரும் என்னைப் 'பார்க் ஆன்ட்டி' என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

எனக்கு மேலதிகாரி கேரத். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது இரண்டே வார்த்தை: "ஷோ மீ." வடிகால் அடைப்பு எடுத்தாச்சு என்றால், ஷோ மீ. கேட் திறந்தாச்சு என்றால், ஷோ மீ. கூடவே நடந்து வந்து பார்ப்பார். முதல் வருஷம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வயதுப் பொம்பளை பொய்யா சொல்லுவாள் என்று மனசுக்குள் திட்டுவேன். போகப் போகத்தான் புரிந்தது, அவர் என்னைச் சந்தேகப்படவில்லை, கேட்டைத்தான் சந்தேகப்பட்டார்.

சனிக்கிழமை காலையில் மைதானம் திறப்பதற்கு அவர் வைத்திருந்த முறை இது. முதலில் ஆம்புலன்ஸ் கேட். அதைப் பூட்டைக் கழற்றி விட்டால் போதாது. கையால் தள்ளி, சுவரில் முட்டும்வரை திறந்து, அப்படியே கொக்கியில் மாட்ட வேண்டும். அதன் எதிரே கார் நின்றால், கார்க்காரர் யாராக இருந்தாலும் எடுக்கச் சொல்ல வேண்டும். அடுத்து மைதானத்தை ஓரமாகச் சுற்றி வருவது. அங்கங்கே குதிகாலை அழுத்திப் பார்ப்பார். தண்ணீர் கசிந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, யார் எத்தனை தடவை போன் போட்டாலும் கிடையாது. அதற்குப் பிறகு ஷெட். ஷெட் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் முதலுதவிச் சாமானைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வானத்தைப் பார்ப்பார். "திறக்காத கதவு சுவர்தான்" என்று ஒரு தடவை சொன்னார்.

அவருடைய அப்பா வேல்ஸ் நாட்டில் ஒரு நிலக்கரிப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர். மத்தியானம் லாரியில் உட்கார்ந்து நான் லெமன் சாதமும் அவர் சாண்ட்விச்சும் சாப்பிடும்போது அந்த ஊர்க் கதை வரும். ஒரே ஒரு தெரு மாதிரி நீண்ட ஊர். ஒரு சுரங்கம். ரக்பி கிளப் மட்டும் இரண்டு. தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று, சாராயக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இரண்டு கிளப்புக்கும் ஆகவே ஆகாது. கல்யாணத்தில்கூட முகம் கொடுத்துப் பேச மாட்டார்களாம். ஆனால் மைதானம் ஒன்றுதான். அதன் ஓரத்துக் கட்டடத்தில், வெளிச்சுவரில், ஒரு ஸ்ட்ரெச்சர் தொங்கும். சுரங்கத்தில் வேலை செய்த அத்தனை பேருக்கும் ஆளைத் தூக்கத் தெரியும். எந்தக் கிளப் ஆள் விழுந்தாலும் எந்தக் கிளப் ஆளும் ஓடி எடுப்பான்.

"வெளியே தொங்கினா திருட்டுப் போகாதா?" என்று கேட்டேன்.

போயிருக்கிறது என்றார். இரண்டு தடவை காணாமல் போய், இரண்டு தடவையும் சேறோடு திரும்பி வந்து தொங்கியதாம். யாரோ தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சுரங்கம் மூடிய பிறகு ஆட்கள் போய்விட்டார்கள். இரண்டு கிளப்பும் வேறு வழியில்லாமல் ஒன்றாகி, அப்புறம் அந்த ஒன்றுக்கும் ஆள் சேராமல் போயிற்று. கேரத் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறார். மைதானத்தில் ஆடு மேய்ந்ததாம். சுவரில் ஆணி மட்டும் இருந்ததாம்.

நியூ ஜெர்சியில் எங்கள் ஊரிலும் அதே கதைதான், செங்கல் சூளை வடிவத்தில். சூளையில் வேலை பார்த்த இத்தாலிக்காரர்களும் போலந்துக்காரர்களும் பேஸ்பால் கிளப் வைத்திருந்தார்கள். சூளை மூடியது, பிள்ளைகள் வேறு ஊருக்குப் போனார்கள், மைதானத்தில் களை முளைத்தது. அந்தக் களையை வெட்டியதுதான் என் முதல் வேலை. கொஞ்ச நாளில் மான்மவுத் ஜங்ஷன் பக்கத்து அபார்ட்மென்ட்களில் இருந்து நம் பையன்கள் டென்னிஸ் பந்தோடு வந்தார்கள். கேரத் டவுன்ஷிப் கூட்டத்தில் அவர்களுக்காகப் பேசினார். நடுவே கான்கிரீட் போட்டு, பந்து எழும்ப அதன் மேல் மேட் விரித்தோம். தமிழர் கிரிக்கெட் கிளப் பிறந்தது.

நாலைந்து வருஷம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சனிக்கிழமை என்றால் ஒரு பக்கம் ஆட்டம், ஒரு பக்கம் ட்ரே ட்ரேயாக பிரியாணி, பிள்ளைகள் புல்லில் உருண்டுகொண்டிருக்கும். கிளப்புக்கு ப்ரெசிடெண்ட் சண்முகநாதன், திண்டுக்கல்காரர், ஏதோ வங்கியில் பெரிய பொறுப்பு. கிளப்பைத் தன் வீடு மாதிரி பார்த்துக்கொண்டார். ஒரு ஸ்டம்ப் காணாமல் போனால் அவருக்குச் சோறு இறங்காது. பாலமுருகன் இடது கை பவுலர். மருந்துக் கம்பெனியில் ஐ.டி. வேலை, மனைவி கவிதா, ஒரே மகள். ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு குப்பைப் பையோடு என் கூடவே மைதானத்தைச் சுற்றுகிற ஒரே ஆள் பாலாதான். "நீங்க போங்க ஆன்ட்டி, நான் கட்டிப் போட்டுட்டுப் போறேன்" என்பான்.

ஷாக் பெட்டி வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தவனும் அவன்தான். நின்ற இதயத்தை ஓட வைக்க மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி; ஏ.இ.டி. என்பார்கள், பையன்கள் வைத்த பெயர் ஷாக் பெட்டி. பக்கத்து ஊர் மைதானத்தில் யாரோ மயங்கி விழுந்தார் என்று கேள்விப்பட்டு, வீடு வீடாகப் போய் வசூல் செய்து வாங்கிவிட்டான். பெட்டி வந்தது. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டினார்கள். எல்லாம் சரி. அடுத்து அதை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது.

"வெளிச்சுவரில்" என்றார் கேரத்.

சண்முகநாதனுக்கு அதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "வெளியிலயா? ஆன்ட்டி, நீங்களாவது அவருக்கு எடுத்துச் சொல்லுங்க. மழை, வெயில், பசங்க நோண்டுவாங்க. எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். இவ்ளோ காஸ்ட்லி ஐட்டம். உள்ள பத்திரமா இருக்கட்டும்."

அந்த 'பத்திரமா' என்ற வார்த்தையை இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு எரிகிறது. நாம் அப்படித்தான். புது சோபாவின் பிளாஸ்டிக்கைக் கிழிக்க மாட்டோம். நல்ல தட்டை விருந்தாளிக்கு என்று அலமாரியில் வைத்து, விருந்தாளி வந்தால் பேப்பர் தட்டு போடுவோம். உயிர் காக்கிற பெட்டியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம். வாதாடி வாதாடிக் கடைசியில் கேரத் இறங்கி வந்தார். பெட்டி ஷெட்டுக்குள் இருக்கலாம். ஆனால் டவுன்ஷிப் பூட்டுதான் போட வேண்டும், என்னிடம் ஒரு சாவி, ஒவ்வொரு கேப்டனிடமும் ஒரு சாவி, ஷெட் திறக்காமல் டாஸ் கிடையாது. அந்த ஏற்பாடு ஒழுங்காகவே நடந்தது, கிளப் உடையும்வரை.

கிளப் எதற்காக உடைந்தது என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆண்டு விழா நன்றியுரையில் யார் பெயரை முதலில் படித்தார்கள் என்பதில் தொடங்கியது. ஒரே மாதத்தில் கோயமுத்தூர் குரூப், மதுரை குரூப் என்று ஆகிவிட்டது. பழைய கிளப் சண்முகநாதனோடு நின்றது. மற்றவர்கள் புதுக் கிளப் ஆரம்பித்தார்கள். மைதானம் மட்டும் இரண்டுக்கும் பொது, வாரம் மாற்றி வாரம். நான் கோபிக்காரி என்று தெரிந்து ஒருவர் வந்து, "ஆன்ட்டி, நீங்க நம்ம பக்கம்தானே?" என்று கேட்டார். "நான் டவுன்ஷிப் பக்கம். காரை கேட்டுக்கு முன்னாலேருந்து எடுங்க" என்றேன். பாலா எந்தப் பக்கமும் போகவில்லை. கூப்பிட்ட பக்கம் ஆடினான். இரண்டு பக்கமும் அவனைத் துரோகி என்றன, இரண்டு பக்கமும் அவனை ஆடக் கூப்பிட்டன.

பிறகு ஒரு மேட் காணாமல் போயிற்று. புதுக் கிளப் எடுத்தது என்றார் சண்முகநாதன். இல்லை என்றார்கள் அவர்கள். அந்தக் கோடையில் அவர் ஊருக்குப் போய் வந்தபோது சூட்கேஸில் ஒரு திண்டுக்கல் பூட்டு கொண்டுவந்தார். இரும்பில் தடித்த, கைக்குக் கனக்கிற பூட்டு. யாரையும் கேட்காமல் டவுன்ஷிப் பூட்டைக் கழற்றிவிட்டு அதை ஷெட்டில் மாட்டினார்.

ஒரு சனிக்கிழமை காலை, கேட்டைத் திறந்து, சுற்றி நடந்து, ஷெட்டுக்கு வந்தேன். என் சாவி அந்தத் துவாரத்தில் நுழையக்கூட இல்லை. சண்முகநாதனுக்குப் போன் போட்டேன்.

"ஆமா ஆன்ட்டி, நான்தான் மாத்தினேன். இதுக்கு இங்க எந்தக் கடையிலயும் டூப்ளிகேட் போட முடியாது" என்றார். குரலில் பெருமை இருந்தது.

"சண்முகம், உள்ள ஷாக் பெட்டி இருக்கு."

"அது எங்கயும் போகாது ஆன்ட்டி, சேஃபா இருக்கு. சாவியை யார்கிட்டயாவது குடுத்து அனுப்பறேன். இப்பவே."

அன்று ஆட்டம் புதுக் கிளப்புடையது. அவர்கள் கேப்டனைக் கூப்பிட்டு, சாவி வந்து ஷெட் திறக்கிறவரை டாஸ் போடக் கூடாது என்றேன். தலையாட்டினார். வேலை செய்கிறவளுக்கு ஒரு மைதானம் மட்டுமா? நான் லாரியை எடுத்துக்கொண்டு ஊரின் மறுபக்கம் இருக்கும் சாக்கர் மைதானத்துக்குப் போனேன். சாவி வரவில்லை. அவர்கள் டாஸ் போட்டுவிட்டார்கள். பிறகு கேட்டபோது அந்தக் கேப்டன் அழுதுகொண்டே சொன்ன வார்த்தை இது: "எங்க கிட் எல்லாம் கார்லயே இருந்துச்சு ஆன்ட்டி. ஷெட்ல எங்க சாமான் ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சுட்டோம்."

வெயில் கொளுத்திய நாள். பவுலிங் போட ஓடி வந்த பாலா பாதியில் நின்று, பந்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தானாம். எல்லாரும் ஷூ லேஸ் கட்டுகிறான் என்று நினைத்தார்களாம். எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, ஆட்டம் பார்க்க வந்திருந்த ஒரு டாக்டர் பெண் மண்டியிட்டு அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். அடுத்து அழுத்தக் கை மாற்ற ஒருவர் பக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஷெட் வாசலில் இருந்தார்கள். பேட்டால் பூட்டை அடித்திருக்கிறார்கள், பேட் இரண்டாகக் கிடந்தது. இன்னொருவர் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார். நான் லாரியிலிருந்து பெரிய வெட்டுக்கத்தரியை எடுத்து ஓடினேன். டவுன்ஷிப் பூட்டு என்றால் அதில் ஒரே வெட்டு. இந்தப் பூட்டின் வளைவில் அது பல்லைப் பதிக்கவே இல்லை. வழுக்கி வழுக்கி வந்தது. கீல் பக்கம் வைத்து நெம்பச் சொல்லிக் கத்தினேன். அதற்குள் சைரன் கேட்டது.

ஆம்புலன்ஸ் ஒரு நொடிகூட நிற்காமல் கேட் வழியே உள்ளே வந்தது. அது மட்டும் திறந்திருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் தாங்கள் கொண்டுவந்த பெட்டியின் பட்டைகளை அவன் நெஞ்சில் ஒட்டினார்கள். ஒரு ஷாக், இன்னொரு ஷாக். ஏற்றிக்கொண்டு போனார்கள். உயிர் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் போய்த்தான் சொன்னார்கள் என்றாலும், அந்த டாக்டர் பெண் புல்லில் உட்கார்ந்திருந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "முதல்லயே பெட்டி கிடைச்சிருந்தா?" என்று யாரோ அவளைக் கேட்டார்கள். "சொல்ல முடியாதுங்க. ஒரு சான்ஸ் இருந்திருக்கும்" என்றாள். அந்த ஒரு சான்ஸ் எங்களிடமிருந்து ஒரு பலகைக் கதவு தள்ளி இருந்தது.

சண்முகநாதன் ஐசலினில் இருந்திருக்கிறார். மகள் அரங்கேற்றத்துக்கு நகை பார்க்க அங்கே நம்மவர் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோடு போனவர், சாவி அனுப்புவதை மறந்து, போனையும் சைலண்டில் போட்டுவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு வந்தார். காரை நடுவில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் நேராக ஷெட்டுக்குப் போய், பேட் துண்டுகளை மிதித்துக்கொண்டு, சாவியைப் போட்டுத் திருகினார். ஒரே திருகு. சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. எண்ணெய் போட்டு வைத்திருந்தார். உள்ளே போய் ஷாக் பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பெட்டி மூடியில் சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. அவர் கெட்டவர் இல்லை என்பதை நான் எழுதத்தான் வேண்டும். கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் கேரத் வந்தார். நடந்ததைச் சொன்னேன். ஷோ மீ என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பூட்டைக் கையில் எடுத்து எடை பார்க்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "நல்ல பூட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு லாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வருஷக் கடைசியில் ரிடையர் ஆனார். பிரிவு விழா வேண்டாம் என்றுவிட்டார்.

செத்துப்போன மனிதனாவது இரண்டு கிளப்பையும் சேர்த்து வைப்பான் என்று நினைத்தேன். அடுத்த கோடையில் பாலா நினைவுக் கோப்பை என்று ஒன்றல்ல, இரண்டு வந்தன. இரண்டு கிளப்பும் ஒரே சனிக்கிழமையில், வேறு வேறு மைதானத்தில். இரண்டு பேனரிலும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான், ஒரே போட்டோ. கவிதா முதல் வருஷம் காலையில் ஒரு இடம், மத்தியானம் ஒரு இடம் என்று போய்ப் பரிசு கொடுத்தாள். இரண்டாவது வருஷம் கூப்பிட வந்தவர்களிடம், "அண்ணா, எனக்கு முடியலை. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு நாளா வைங்க, வரேன்" என்றாள். அவர்கள் பேசவில்லை. அவள் மகள் மட்டும் என்னைக் கடையில் பார்த்தபோது கேட்டாள்: "ஆன்ட்டி, வை டிட் தே லாக் இட்?" இப்போது கவிதா மகளோடு டெக்சாஸுக்குப் போய்விட்டாள்.

இந்த வசந்தத்தில் நானும் ரிடையர் ஆனேன். இப்போது ஊரில் தமிழர் கிளப் மூன்று. மூன்றாவதை ஆரம்பித்தவர்கள் புதிதாக வந்த இளம் குடும்பங்கள். பழைய சண்டை எதிலும் இல்லாதவர்கள். அவர்கள் போன வாரம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். "ஆன்ட்டி, ஷாக் பெட்டி வாங்கியிருக்கோம். பாலா அண்ணா விஷயம் கேள்விப்பட்டோம். அதனால வெளிச்சுவர்லயே மாட்டிட்டோம். நீங்கதான் ரிப்பன் வெட்டணும்." பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

உண்மைதான், வெளிச்சுவரில் மாட்டியிருந்தார்கள். கண்ணாடிக் கதவு வைத்த அழகான பெட்டி, மேலே மாலை. ரிப்பனை வெட்டினேன். கை தட்டினார்கள். எல்லாரும் கேக் வெட்டப் பந்தலுக்குள் போனார்கள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு நம்பர் பூட்டு இருந்தது.

பக்கத்தில் ஒருவர் ஆடப் போகக் காலில் பேடும் கையில் கிளவுஸுமாக நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். "இது என்னப்பா பூட்டு?" என்றேன்.

"சும்மா சேஃப்டிக்குத்தான் ஆன்ட்டி. பசங்க நோண்டக் கூடாதுல்ல. நம்பர் எல்லாருக்கும் தெரியும்."

"என்ன நம்பர்?"

அவர் சிரித்தார். "எனக்கு ஞாபகம் இல்ல. வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்காங்க."

"ஷோ மீ" என்றேன்.

அவர் கிளவுஸைக் கழற்றிவிட்டு போனை எடுத்தார். மேலே தள்ளிக்கொண்டே போனார். பிறந்தநாள் வாழ்த்து, ஜெர்ஸி சைஸ், பிரியாணி ஆர்டர். கடைசியில் ஏதோ டைப் பண்ணிவிட்டு நிமிர்ந்தார்.

"கேட்டிருக்கேன் ஆன்ட்டி. யாராவது பாத்துட்டு ரிப்ளை பண்ணுவாங்க."

நான் அங்கேயே நின்றேன். பந்தலுக்குள் கேக் வெட்டி, எனக்கென்று ஒரு துண்டைப் பேப்பர் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுவரைக்கும் பதில் வரவில்லை.